பதிமூன்று முட்டையும் நாத்தனார் மகளும்

நாத்தனார் பிள்ளைகள் தாய்மாமன் வீட்டுக்கு வந்து மூன்று முறை எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமன் மறுக்கக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ தெரியாது. நிச்சயமாக ஒரு மாமன் பெண்டாட்டி போட்டிருக்க மாட்டாள்.

என் நாத்தனார் மகள் பேரிஸாத் ஏழு வயதில் முதல் முறை கேட்டாள். நெற்றியில் வெள்ளைச் சுழி உள்ள குதிரைக் குட்டி. கொடுத்தோம். பள்ளிப் படிப்பை முடித்ததும் இரண்டாவது முறை கேட்டாள். என் அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த தையல் மெஷின். கொடுத்தோம் என்று சொன்னால் பொய். என் கணவர் ஜுமாதில் கொடுத்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாக்கி இருந்தது. அதற்குப் பிறகு எட்டு வருடம், அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் கண் எதன்மேல் விழுகிறது என்று பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. டீக்கு வெந்நீர் வைக்கும் புது சமோவாரைப் போர்வை போட்டு மூடிவைத்த நாட்கள் உண்டு.

போன ஜூலையில் அவள் புருஷன் எர்மெக்கோடு வந்து இறங்கினாள். வந்தது எந்த வாரம்! ஏரிக்கரையின் எங்கள் தெற்குப் பக்கத்தில் ஆப்ரிகாட் எல்லாம் ஒரே நேரத்தில் பழுக்கும். பத்து நாளில் பறித்து, பிளந்து, காயவைத்து, காய்ச்சி, ஜாடியில் அடைத்துவிட வேண்டும். விட்டால் குளவிக்குத்தான் லாபம். முற்றத்தில் இரண்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஜுமாதில் ஒரு கையால் ஜாமைக் கிளறிக்கொண்டு மறு கையால் குளவி விரட்டினார். நான் மூன்று லிட்டர் ஜாடிகளுக்குத் தகர மூடி போட்டு, கைக்கருவியால் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தேன். இறுக்கின ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பழைய கோட்டால் போர்த்திவைக்க வேண்டும். காலையில் கோட்டை எடுத்தால் ஒரு சொட்டுக் கசிந்திருக்கக் கூடாது. கசிந்தால் குளிர்காலத்தில் மூடி உப்பி வெடிக்கும். இருபத்தாறு வருடத்தில் என் கையால் மூடின ஜாடி கசிந்ததில்லை. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதில்லை.

டீ, ரொட்டி, சுடச்சுட ஜாம் எல்லாம் வைத்தேன். ஜுமாதில் நல்ல மனுஷர், அதுதான் அவரிடம் உள்ள குறையே. மருமகளைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியாது.

"ஏம்மா பேரிஸாத், கல்யாணமாகி ஒரு வருஷமாச்சு. மூணாவது இன்னும் கேக்கவே இல்லையே நீ? கேளும்மா. மாமன் வீட்ல உனக்கு இல்லாததா?"

அடுப்பில் இருந்த கரண்டியால் அவர் மண்டையில் ஒன்று போடலாமா என்று பார்த்தேன். எர்மெக் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

அவள் சமோவாரைப் பார்க்கவில்லை. கம்பளத்தைப் பார்க்கவில்லை. முற்றத்தின் கோடியில் இருந்த கோழிக்கூண்டையே பார்த்தாள்.

"எனக்குப் புள்ளிக்காரி வேணும் மாமா."

"அவ அடைல உக்காந்திருக்காடி!" என்றேன். "பதிமூணு முட்டை. இன்னைக்குப் பதினேழாவது நாள்."

"தெரியும் அத்தை. முட்டையோடதான் கேக்கறேன்."

ஜுமாதில் தொடையைத் தட்டிச் சிரித்தார். "இவ்ளோதானா! நீ மாடு கேப்பியோன்னு பயந்துட்டேன். எடுத்துட்டுப் போம்மா!"

மாட்டைக் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பேன். எங்கள் தெருவில் இப்போது எல்லாரும் வாங்குவது பண்ணைக் கோழி. அதுகளுக்கு முட்டை போடத் தெரியும், அடைகாக்கத் தெரியாது. போட்ட முட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எங்கள் தெருவிலேயே ஒழுங்காக அடை உட்காருவது புள்ளிக்காரி ஒருத்திதான். இரண்டு வருடம் முன்பு நரி புகுந்து இரண்டைத் தவிர எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போன பிறகு, என் கூண்டில் இன்று மேய்கிற மற்றப் பத்தொன்பதும் அவள் பொரித்தவை. உட்கார்ந்தால் தண்ணீருக்கு எழுந்திருப்பாள், தீனிக்கு எழுந்திருப்பாள், கால் மணிக்குள் திரும்பி வந்துவிடுவாள். எனக்கு அவளிடம் மரியாதை உண்டு. என் வீட்டில் வேறு யாரிடமும் அந்த அளவு இல்லை.

அப்புறம் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மாமனும் மருமகனும் காரில் ஜாம் ஜாடிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேரிஸாத் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கூடையை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனேன். புள்ளிக்காரிக்கு ஒரு தங்கை உண்டு. அதே தாய், அதே சாம்பல் நிறம், அதே வெள்ளைப் புள்ளி. பெயர் ஊர்சுற்றி. முட்டை போட்டால் அடுத்த வீட்டு வைக்கோலில்தான் போடும். இரண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். புள்ளிக்காரியின் கொண்டை நுனி ஒரு குளிர்காலத்தில் பனியில் கருகி உதிர்ந்துவிட்டது. அவ்வளவுதான். ஊர்சுற்றியைப் பிடித்துக் கூடையில் வைத்தேன். அடியில், சமையலறைக் கூடையிலிருந்து எண்ணி எடுத்த பதிமூன்று முட்டை. மேலே கறுப்புத் துணி போட்டு இறுக்கிக் கட்டினேன்.

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும் துணியை எடுக்காத. வெளிச்சம் பட்டா எழுந்திரிச்சிடுவா."

"சரிங்க அத்தை" என்று கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். கார் கிளம்பும்போது என் கன்னத்தில் முத்தம் வேறு கொடுத்தாள்.

அன்று மாலை கோழிகளுக்குத் தீனி போடப் போன ஜுமாதில், வெறும் தட்டோடு திரும்பி வந்தார்.

"உம்சுனை, புள்ளிக்காரி கூண்டுல உக்காந்திருக்கா."

"ஆமா."

"அப்ப கார்ல போனது யாரு?"

"ஊர்சுற்றி. அதுக்குத்தான் ஊர் சுத்தப் பிடிக்குமே."

அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கூடப் பொறந்தவ பிள்ளைய அடிச்சா கை நடுங்கும்பாங்க. ஏமாத்தினா என்னாகும்னு எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு இந்த மாதிரிப் பேச்சில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. மிச்சம் இருந்த ஆறு ஜாடிகளை மூட உட்கார்ந்தேன். முதல் மூடியை வைத்தேன், கருவியைப் பொருத்தினேன், சுற்றினேன். வழுக்கியது. மறுபடி பொருத்தினேன். மூடியின் ஓரம் ஒரு பக்கம் மடங்கி, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. விளக்கு வெளிச்சத்தில் கையைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. நாளெல்லாம் பழம் பிளந்த கை நடுங்காமல் என்ன செய்யும் என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். ஆறையும் எப்படியோ மூடிக் கவிழ்த்தேன். காலையில் கோட்டைத் தூக்கினால் ஆறும் கசிந்திருந்தது. கோட்டுப் பை நிறைய இனிப்புத் தண்ணீர், அதில் எறும்பு.

ஜுமாதில் ஒன்றும் பேசாமல் கோட்டை அலசிக் கொடியில் போட்டார். அந்த மௌனத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"சரி, சரி! போறேன்!" என்றேன். "யாருக்கும் தெரியாம மாத்தி வெச்சிட்டு வந்துடறேன். போதுமா?"

"பழம்?"

"நீங்க பாருங்க."

புள்ளிக்காரியை முட்டையோடு தூக்கிப் பெரிய கூடையில் வைத்தேன். இந்தத் தடவை அடியில் கம்பளித் துணி, முட்டைக்கு முட்டை நடுவில் ஆட்டு ரோமம். அவள் என்னை ஒரு கொத்துக் கொத்தினாள், அப்புறம் அடங்கி உட்கார்ந்தாள். வாடகைக் காரில் மூன்று மணி நேரம். ஏரியைத் தாண்டி மேட்டில் ஏறி, பேரிஸாதின் புருஷன் ஊரான கொச்கோர் போய்ச் சேரும்வரை கூடை என் மடியை விட்டு இறங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் தும்மினபோது அவனை நான் பார்த்த பார்வையில் அவன் அப்புறம் மூச்சுவிடவே யோசித்தான்.

என் திட்டம் சுலபமானது. சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்வது, பின்கட்டுக்குப் போவது, கோழியை மாற்றுவது, டீ குடிப்பது, கிளம்புவது. அந்த வீட்டுக்கு நான் சம்பந்தி என்பதை மறந்துவிட்டேன். சம்பந்தி சும்மா போய் நிற்க முடியுமா? வாசலில் என் தலை தெரிந்ததும் பேரிஸாதின் மாமியார் சைராகுல், "ஐயோ, சம்பந்தியம்மா வந்திருக்காங்க!" என்று போட்ட கூச்சலில் நாலு வீட்டுப் பெண்கள் ஓடிவந்துவிட்டார்கள். செருப்பு கழற்றுகிற இடத்தில் கூடையை வைக்கத்தான் நேரம் கிடைத்தது. ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவுக்கு எதிரே நடுநாயகமாக உட்காரவைத்து, முதுகுக்கு இரண்டு மெத்தை கொடுத்துவிட்டார்கள். எழுந்திருக்க வழியே இல்லை.

சைராகுல் பருத்த உடம்புக்காரி, குரலும் பருத்த குரல். பேரிஸாத் தலையில் முக்காட்டோடு குனிந்து டீ ஊற்றினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆடெல்லாம் மேல மேய்ச்சல்ல இருக்கு சம்பந்தி, பையன் போய்க் கொண்டுவர நாளைக்காயிடும்" என்றாள் சைராகுல். "அதுவரைக்கும் உங்கள வெறும் டீயோட உக்கார வெப்பனா? கோழி அறுத்துப் போடறேன். உங்க வீட்டுக் கோழியேதான்!"

"எங்க வீட்டுக் கோழியா?"

"அதை ஏன் கேக்கறீங்க! ஒரு மாசமா என் மருமக சொல்லிக்கிட்டே இருந்தா. 'எங்க மாமா வீட்ல ஒரு கோழி இருக்கு, அது உக்காந்தா பொரிக்காம எந்திரிக்காது, நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வரேன்'னு. தெரு பூரா சொல்லி வெச்சிருந்தா. வந்துச்சு கோழி! ஒரு நிமிஷம் உக்காரலை. நேத்துலேர்ந்து வேலி மேல ஏறி நிக்குது. என்னடின்னு கேட்டா, 'வழியில நான்தான் கூடைய சாச்சிட்டேன்மா, அது மிரண்டு போச்சு, என் தப்புதான்'ங்கறா. டவுன்ல வளந்த பொண்ணு, கோழியைத் தூக்கத் தெரியுமா? சூப்பு வெக்கத்தான் லாயக்கு."

வந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பேரிஸாதின் காது மட்டும் சிவந்தது. அப்போதுதான் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணாலேயே, வேண்டாம் அத்தை, பேசாதீங்க என்றாள்.

எனக்கு விளங்கிவிட்டது. இவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். மாமன் வீட்டை விட்டுக்கொடுக்கவில்லை. நான் அவளைக் கேவலம் கோழிக்கு ஆசைப்படுகிறவள் என்று நினைத்தேன். அவளோ, புது வீட்டில் தன் கையால் ஒன்றைச் செய்து காட்டி நிமிர்ந்து நிற்க ஒரு கோழி கேட்டிருக்கிறாள். இத்தனை வயதில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

சைராகுல் கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் மானம் தப்பும். சூப்பும் கிடைக்கும்.

"அவ கூடைய சாய்க்கலை" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அது அடைக்கோழியே இல்லை. என் நாத்தனார் மகளை நான் ஏமாத்திட்டேன். கேட்ட கோழியை ஒளிச்சு வெச்சிட்டு, அதே சாயல்ல வேற ஒண்ணைக் குடுத்தேன். முட்டையும் சமையக்கட்டு முட்டை. தப்பு இவ மேல இல்லை, என் மேல. அசல் கோழி உங்க வாசல்ல, செருப்புக்குப் பக்கத்துல இருக்கு."

ஒருத்தி டீக் கோப்பையை வாய்க்கும் தரைக்கும் நடுவில் பிடித்தபடியே இருந்தாள். சைராகுல் என்னையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"நாங்க ஒரு நொண்டிக் குதிரையைக் குடுத்தோம் சம்பந்தி" என்றாள். "என் நாத்தனார் மகனுக்கு. வீட்டு முற்றத்துல நல்லா நடந்துச்சு, ஆத்தைத் தாண்டினதும் நொண்டிடுச்சு. இருபது வருஷமாச்சு, இன்னமும் அவன் எங்க வீட்ல டீ குடிக்கறதில்லை. உங்களை மாதிரி எனக்கு அன்னைக்குப் பின்னாடியே ஓடணும்னு தோணலையே!"

அவள் சிரித்த சிரிப்பில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் பேரிஸாதைப் பார்த்தேன்.

"உனக்கு எப்படிடி தெரிஞ்சுது? கொண்டையைப் பாத்தியா?"

"துணியை எங்க பிரிச்சேன்? நீங்கதான் எடுக்காதன்னு சொன்னீங்களே. தெரு முனையைத் தாண்டறதுக்குள்ள கையை உள்ள விட்டேன். முட்டை சில்லுன்னு இருந்துச்சு அத்தை."

"அப்பவே திரும்பி வந்து என் முகத்துல வீசியிருக்கலாம்ல?"

"மாமா இன்னும் வாசல்ல நின்னு கையாட்டிக்கிட்டே இருந்தாரு" என்றாள்.

அவள் தலையைப் பிடித்து இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தேன். முக்காடு சரிந்துவிட்டது.

"அது இருக்கட்டும்" என்று சைராகுல் கத்தியைத் தூக்கிக் காட்டினாள். "இப்ப எதை அறுக்கறது?"

"வேலி மேல இருக்கறதை" என்றேன். "உசுரோட இருந்து அது யாருக்கும் பிரயோஜனமில்லை."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பேரிஸாத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, அப்ப எனக்கு மூணாவது இன்னும் பாக்கி இருக்கு."

"என்னடி பாக்கி? கோழிதான் வந்துடுச்சே!"

"நான் நேத்து கேட்டேன். நேத்து நீங்க குடுக்கலை. இன்னைக்கு நீங்களா மனசார கொண்டாந்தீங்க. அது வேற, இது வேற."

"சரியாத்தானே சொல்றா?" என்றாள் சைராகுல். தன் மருமகளைப் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"சரி, கேளு" என்றேன். சமோவார் என் மனக்கண்ணில் வந்து நின்றது.

"குஞ்சு பொரியற வரைக்கும் இங்கயே இருங்க. மூணு நாள். நான் தனியா பாத்ததே இல்லை, எனக்குப் பயமா இருக்கு. ஆனா நீங்க எதையும் தொடக் கூடாது. சும்மா உக்காந்திருக்கணும்."

ஆப்ரிகாட் வாரத்தில் மூன்று நாள்! சமோவாரைக் கேட்டிருக்கக் கூடாதா? ஜுமாதிலுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"கோழிதான் போச்சுன்னா, நீயும் போயிட்டியா?" என்றார். "இங்க நாப்பது கிலோ பழம் கீழ விழுந்து கிடக்கு!"

"பொறுக்குங்க."

"ஜாடி மூடி?"

"எறும்பு வராம மூடுங்க."

ஆனால் அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குக் கேட்டது. நான் கோழியைக் கொடுத்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவர் பாட்டுப் பாடிக்கொண்டே பழம் பொறுக்கியிருப்பார்.

மூன்று நாள் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான வேலை செய்ததில்லை. பேரிஸாத் இருட்டு மூலையாகப் பார்த்துக் கூடையை வைத்தாள். வேளைக்குத் தண்ணீர் வைத்தாள், வெதுவெதுப்பான தண்ணீரை முட்டைமேல் தெளித்தாள். அதிகமாகத் தெளிக்கிறாளே என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. சைராகுல் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தபடி, "நாலு பொரிஞ்சா பெருசு" என்று வேளைக்கு ஒரு முறை சொன்னாள். நான் அவளோடு சண்டை போட்டேன். நன்றாகவே பொழுது போனது.

இருபத்தோராம் நாள் விடியும்போதே முட்டைக்குள் சத்தம் கேட்டது. மத்தியானத்துக்குள் பன்னிரண்டு குஞ்சு. ஒரு முட்டை மட்டும் கூழாகிப் போயிருந்தது. பேரிஸாத் கூடைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி எண்ணினாள்.

சைராகுல் நான்கு குஞ்சுகளைப் பாவாடை மடிப்பில் அள்ளிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். அன்றைக்குச் சிரித்த அதே பெண்களை வீடு வீடாகக் கூப்பிட்டாள்.

"வந்து பாருங்கடி! பதிமூணுல பன்னெண்டு! என் மருமக போய்க் கொண்டாந்த கோழி, என் மருமக கையால வெச்ச அடை! டவுன்ல வளந்த பொண்ணாம், டவுன்! உங்க வீட்ல எவளாச்சும் இப்படிப் பொரிச்சிருக்காளா?"

யார் கோழி, யார் முட்டை, முதல் பதினெட்டு நாள் யார் தீனி போட்டது என்றெல்லாம் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. வாசல் வரைக்கும் போனேன். பேரிஸாத் மாமியாருக்குப் பின்னால், தெரு நடுவில், முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். ஒருத்தி என்னைப் பார்த்து, "உங்க வீட்ல கத்துக்கிட்டதா சம்பந்தியம்மா?" என்று கேட்டாள்.

"எங்க வீட்ல இப்படிப் பொரிக்கறவங்க யாருமில்லை" என்றேன்.